பரியும் தான்றியும்: பந்தயத்தில் ‘திறன்’ என்பது எது?

2023 செப்டம்பர் 20 அன்று நடந்த கேரள அரசின் திருவோணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு பெற்ற சீட்டு, பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறில் விற்பனையானது. அதை வாங்கியவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் பரிசுச் சீட்டு விற்பனைக்குத் தடை உள்ளது. கேரளத்திலோ 1967 முதல் அரசே சீட்டு நடத்துகிறது. ஆகவே வாளையாறும் கோவிந்தாபுரமும், இடுக்கியின் குமுளியும், தமிழ்நாட்டவர் எல்லை கடந்து வந்து வாய்ப்பை விலைக்கு வாங்கும் சந்தைகளாயின.

இதே தமிழ்நாட்டில், சீட்டுத் தடைக்குப் பின்னும், கிண்டியிலும் உதகமண்டலத்திலும் குதிரைமீது பணம் கட்டுவது சட்டப்படி செல்லுபடியான செயலாகவே நீடித்தது. சீட்டு குற்றம், குதிரை குற்றமன்று. இந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு கருத்து: பந்தயத்தில் முந்தக்கூடிய குதிரையை முன்கூட்டி மதிப்பிடுவது அறிவின் செயல், சீட்டு எடுப்பது அறிவுக்கு இடமற்ற செயல். இக்கருத்து சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றது, எந்த அளவுக்கு உண்மை என்பவற்றை ஆராய்வது சூதாட்டத்தின் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாதது.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. கம்பெனி அதிகாரிகளின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நகரத்து எளிய மக்களின் கூலிப் பணத்தையும் ஈர்க்கும் நிறுவனமாக வளர்ந்தது. குடும்பங்கள் சீரழிகின்றன என்ற குரல் வலுத்த நிலையில், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. கிளப் உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986இல் கிளப்பையே அரசு கையகப்படுத்த மற்றொரு சட்டம் வந்தது.

கே.ஆர். லட்சுமணன் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு, குதிரைப் பந்தயம் வாய்ப்பு விளையாட்டன்று, பெரிதும் திறன் சார்ந்த விளையாட்டு என அறிவித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் சமத்துவ உரிமைக்கு மாறானது எனத் தள்ளுபடியாயிற்று. தீர்ப்புக்கு முன்னோடிகள் இருந்தன. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில், பரிசுப் போட்டிகளைப் பற்றிப் பேசிய உச்ச நீதிமன்றம், திறன் மேலோங்கியிருக்கும் போட்டி சூதாகாது என்ற அளவுகோலைத் தந்தது. 1967இல் அதே அளவுகோல் ரம்மிக்குப் பொருத்தப்பட்டது. 1996இல் அது குதிரைக்கு வந்தது.

இங்கே ஒரு நுட்பமான தாவல் நிகழ்ந்திருக்கிறது. ரம்மியில் திறன் காட்டுபவரும் பணம் வைப்பவரும் ஒருவரே. பந்தயத்தில் ஓடுவது குதிரை, செலுத்துவது ஜாக்கி, பயிற்றுவது வேறொருவர். பணம் கட்டுபவர் திடலின் வேலிக்கு வெளியே நிற்கிறார். அவருக்குரிய திறன் என ஒன்று உண்டென்றால், அது மதிப்பீட்டுத் திறன் மட்டுமே. வமிசம், பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, தூரம், ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றைச் சீர்தூக்கி முடிவுக்கு வருவதே அத்திறன்.

இம்மதிப்பீடு எவ்வளவு கடினமானது என்பதைக் காண, இந்தியத் திடல்களில் வழக்கமாக நடைபெறும் சமதள ஓட்டத்தை விடத் தடைதாண்டும் பந்தயமே தக்க எடுத்துக்காட்டு. அயர்லாந்தில் 1752இல் இரு ஊர்களின் தேவாலயக் கோபுரங்களுக்கிடையே வயல்களையும் வேலிகளையும் தாண்டி இருவர் குதிரையோட்டிய போட்டியே இதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. இதன் உச்ச வடிவம், லிவர்பூல் அருகே ஐன்ட்ரீ திடலில் நடக்கும் கிராண்ட் நேஷனல். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம், 30 தாண்டல்கள். 1839இல் அங்கு வென்ற குதிரையின் பெயர் ‘லாட்டரி’. வரலாறு சில வேளைகளில் தன் குறிப்புரையைத் தானே எழுதிவிடுகிறது.

அப்பந்தயத்தின் முன்னணிக் குதிரைகளை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு முன்னும் அச்சிடப்படும் சிறு குறியீட்டு வரிசையை. எண்கள் முந்தைய ஓட்டங்களில் பெற்ற இடத்தைக் குறிக்கும். எழுத்துகள் விழுந்ததை, ஜாக்கியைத் தள்ளியதை, பாதியில் நிறுத்தப்பட்டதைக் குறிக்கும். சமதள ஓட்டத்தில் விரைவே முதன்மை. தடைதாண்டலிலோ விழாமல் முடிப்பதே முதல் தகுதி. ஆகவே அவ்வெழுத்துகள் எண்களைவிட அதிகம் பேசுகின்றன. அடுத்தது நிலத்தின் ஈரம்: இறுகிய தரையில் பறக்கும் குதிரை மழைச் சேற்றில் மூச்சுவாங்கும். அடுத்தது தூரம்: 4 கிலோமீட்டரில் வென்றது 7 கிலோமீட்டரைத் தாங்குமா என்பது வமிசத்தையும் உடற்கட்டையும் பார்த்து ஊகிக்க வேண்டியது. கடைசியாக எடை. வல்ல குதிரைக்குக் கூடுதல் எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றப்படும். கைகாப் எனப்படும் இம்முறையின் நோக்கமே எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் முடிக்க வைப்பதுதான். அறிவு கண்டறியும் வேறுபாட்டை அழிப்பதற்கு மற்றோர் அறிவு அமர்த்தப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பின் விளைவு எவ்வாறு அமைந்தது? 1928இல் புறப்பட்ட 42 குதிரைகளில் விழாமல் ஓடி முடித்தது டிப்பரரி டிம் ஒன்றே. அதன்மீது கட்டிய 1 ரூபாய்க்கு 100 என்பது அன்றைய விலை. 1967இல் 23ஆம் தடையருகே ஜாக்கியற்ற குதிரையொன்று குறுக்கே ஓட, முன்னணிக் குதிரைகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடுமாறி நின்றன. மிகவும் பின்தங்கி வந்த ஃபாய்னவன், தேங்கிய கூட்டத்தின் இடுக்கில் புகுந்து தாண்டி வென்றது. அதன் விலையும் ஒன்றுக்கு நூறுதான். பின்தங்கியிருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். எந்த மதிப்பீட்டு ஏட்டிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் இவ்விரண்டை மட்டும் காட்டி அறிவு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ரெட் ரம் 1973, 1974, 1977 என மூன்று முறை வென்றது. டைகர் ரோல் 2018இல் வென்று, 2019இல் ஒன்றுக்கு நான்கு என்ற விலையில் எல்லோரும் எதிர்பார்த்த முதன்மைக் குதிரையாக இறங்கி மீண்டும் வென்றது. வாய்ப்பு மட்டுமே ஆட்சி செய்யுமிடத்தில் இத்தகைய தொடர்ச்சிகளை எதிர்பார்க்க இயலாது.

எனவே நீதிமன்றம் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் நீதிமன்றம் விரிவாகத் தொடாத ஒன்று எஞ்சியிருக்கிறது. அது விலை.

ஒன்றுக்கு நான்கு என்ற விலை, ஐந்து ஓட்டங்களில் ஒன்றை இக்குதிரை வெல்லும் என்ற கூட்டு முடிவின் சுருக்கம். ஐந்தில் ஒன்று வெல்லும் குதிரையைச் சரியாக இனங்கண்ட ஒருவர், ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் வீதம் ஐந்து முறை கட்டுகிறார் எனக் கொள்வோம். செலவு 500. விலை ஒன்றுக்கு மூன்றானால், ஒரு வெற்றியில் கட்டிய பணத்துடன் சேர்த்து அவர் பெறுவது 400, இழப்பு 100. விலை ஒன்றுக்கு ஆறானால் பெறுவது 700, ஆதாயம் 200. குதிரை அதுவே, அறிவும் அதுவே, விளைவு மட்டும் நேரெதிர். அதாவது குதிரையைச் சரியாக மதிப்பிட்டால் போதாது, கூட்டத்தின் மதிப்பீட்டையும் மதிப்பிட வேண்டும். அத்துடன் நடத்துபவரின் பங்கும் வரியும் முதலிலேயே கழிக்கப்படுகின்றன. பந்தயம் கட்டுவோர் எல்லோரும் சம அறிவுடையோர் என்றால், கழிவின் காரணமாக, எல்லோரும் சேர்ந்து தோற்பர். திறன் இருப்பது உண்மை. அத்திறன் பெரும்பாலோருக்குப் பயன்தரும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை.

1949இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கிரிஃபித் பந்தயத் தரவுகளை ஆராய்ந்து கண்டது இங்கு முதன்மையானது. வெல்ல அதிக வாய்ப்புள்ள குதிரைகள்மீது மக்கள் தகுதிக்குக் குறைவாகவும், வாய்ப்பு அரிதான குதிரைகள்மீது தகுதிக்கு மிகுதியாகவும் பணம் கட்டினர். பிற்கால ஆய்வுகள் பல நாடுகளில் இப்போக்கை உறுதிசெய்தன. இதன் பொருள் எளிது: திறன் விளையாட்டு எனச் சட்டம் அழைக்கும் திடலில் நின்றுகொண்டே பலர் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றனர். வாளையாறுக்கும் கிண்டிக்கும் இடையே சட்டம் போட்ட கோடு, திடலுக்குள்ளேயே ஒவ்வொருவர் மனத்திலும் குறுக்கே ஓடுகிறது.

இக்கோட்டைத் தமிழ் மரபு முன்பே அறிந்திருந்தது. நளன் கதையில், சூதில் நாடிழந்த நளன் தேர்ப்பாகனாக இருதுபன்னனிடம் பணியாற்றுகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவிலேயே எண்ணிச் சொல்கிறான் இருதுபன்னன். தான்றிக்காயே பண்டைய சூதுக்காய் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நளன் தன் குதிரைக் கலையைக் கொடுத்து, அவனிடமிருந்து எண் கலையைப் பெறுகிறான், கலி அவனை விட்டு நீங்குகிறது. மெய்யியலாளர் இயன் ஹாக்கிங், நிகழ்தகவுச் சிந்தனையின் தோற்றம் குறித்த 1975ஆம் ஆண்டு நூலில் இக்காட்சியைச் சுட்டுகிறார். கதையின் உட்பொருள் கூர்மையானது. குதிரையை அறிவது ஓர் அறிவு, எண்ணை அறிவது மற்றோர் அறிவு. முதலாவதில் ஒப்பற்ற நளன், இரண்டாவது இல்லாமையால்தான் அழிந்தான்.

திருவிளையாடற் புராணத்தில் வேறொரு கோணம். குதிரை வணிகனாக வந்த இறைவன் பாண்டியனிடம் பரிகளை ஒப்படைக்கும் இடத்தில் குதிரை இலக்கணம் விரிவாகப் பேசப்படுகிறது. பாண்டியன் மகிழ்ந்து ஏற்கிறான். இரவில் அவை நரிகளாகின்றன. இலக்கணப்படி மதிப்பிட்டதில் பிழையில்லை. மதிப்பிடப்பட்ட பொருளே வேறு.

சொற்களும் சில செய்திகளைக் காத்து வைத்திருக்கின்றன. மலையாளம் லாட்டரியை ‘பாக்கியக்குறி’ என்கிறது: பேறும் ஊழும் அச்சொல்லிலேயே உள்ளன. தமிழ்நாடு அரசு 1968இல் தன் சீட்டைத் தொடங்கியபோது ‘பரிசுச் சீட்டு’ என்றது. பரிசு தகுதிக்குக் கிடைப்பது என்ற பழம்பொருளால், குருட்டு வாய்ப்பின்மேல் ஒரு மதிப்புப் போர்வை விழுந்தது. ‘பந்தயம்’ என்ற சொல் இரு மொழிகளுக்கும் பொது. அது போட்டியையும் குறிக்கும், போட்டியின்மேல் வைக்கும் பணத்தையும் குறிக்கும். ஓடுபவரின் திறனைக் கட்டுபவரின் திறனாகக் கொள்ளும் தாவலுக்கு இவ்விரு பொருள் ஒருமை துணைநிற்கிறது.

அண்மைக் காலத்தில் சட்டமே இக்கோட்டை அழித்து வருகிறது. 2023 அக்டோபரில் குதிரைப் பந்தயம், சூதாட்ட விடுதி, இணைய விளையாட்டு அனைத்துக்கும் கட்டிய முழுத் தொகையின்மேல் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி என்றானது. திறனா, வாய்ப்பா என்று வரி கேட்கவில்லை. 2025இல் ஒன்றிய அரசு இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறன் சார்ந்தவையா வாய்ப்புச் சார்ந்தவையா என்ற வேறுபாடின்றித் தடைசெய்தது. 2024இல் உதகைப் பந்தயத் திடலை அரசு எடுத்துக்கொண்டதும், கிண்டியில் சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்துசெய்ததும் சூதைக் காரணம் காட்டி நிகழ்ந்தவை அல்ல. அவை குத்தகையும் நிலமும் குறித்த வழக்குகள். 1974இல் அறத்தின் பெயரால் முடியாதது, அரை நூற்றாண்டுக்குப் பின் வாடகைக் கணக்கின் வழியே கைகூடத் தொடங்கியது.

திறன் இருக்கிறதா என்ற வினா ஏட்டிலும் நீதிமன்றத்திலும் விடை காணக்கூடியது. அத்திறன் யாரிடம் இருக்கிறது, அது இல்லாதோரின் பணம் யாரிடம் சென்று சேர்கிறது என்பதே சமூக வரலாற்றின் வினா. குமுளிச் சந்தையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வாங்கும் சீட்டுக்கும், கிண்டிக் கொட்டகையில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து எளியவர் கட்டும் நூறு ரூபாய்க்கும் சட்டத்தின் கண்ணில் வேறு பெயர்கள். அவர்கள் வீட்டுக் கணக்கில் இரண்டும் ஒரே பத்தியில்தான் எழுதப்படுகின்றன. எல்லையின் இருபுறமும் அந்தப் பத்தியைப் படித்துத் தொகுக்கும் ஆய்வே இத்துறையில் இனி செய்யப்பட வேண்டியது.