முகவரிப் பஞ்சமும் இரண்டாவது ரவுட்டரும்

ஒரு சிறு அலுவலகம். கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி இடையில் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான், கேமரா காணாமல் போய்விடுகிறது. உள்ளே எல்லோருக்கும் இணையம் ஒழுங்காக வருகிறது. வெளியிலிருந்துதான் யாராலும் நுழைய முடியவில்லை. இந்தத் தலைவலியின் வேர் 1990களில் இருக்கிறது.

1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 791 ஆவணம் ஐ.பி. முகவரிக்கு 32 பிட் ஒதுக்கியது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது கடல் போலத் தெரிந்திருக்கும். எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரடியாக அழைக்கலாம் என்பதே அடிப்படை எண்ணம். பத்தே ஆண்டுகளில் முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டது.

1994 மார்ச்சில் ஆர்.எப்.சி. 1597, உள் உபயோகத்துக்கென்று சில முகவரிகளை ஒதுக்கியது. மே மாதம் கெல்ட் எகவாங், பால் பிரான்சிஸ் இருவரும் ஆர்.எப்.சி. 1631-இல் நாட் என்ற முகவரி மாற்று முறையை விவரித்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் அவர்களே சொன்னார்கள்! ஜூலையில் நான்கு பேர் ஆர்.எப்.சி. 1627 எழுதி, தனியார் முகவரிகள் தீங்கானவை என்று எதிர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நால்வரில் ஒருவரான எலியட் லியர், 1996 பிப்ரவரியில் தனியார் முகவரிகளை உறுதிசெய்த ஆர்.எப்.சி. 1918-இன் ஆசிரியர்களிலும் ஒருவர். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்கு வீடு வந்தது இப்படித்தான்.

நாட் ரவுட்டர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி மாதிரி. உள்ளிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அவர்களிடம் சேர்க்கும். கேட்காமல் வருபவரை எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. "இந்த எண்ணுக்கு வந்தால் இந்தக் கணினிக்கு அனுப்பு" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இப்போது அந்த அலுவலகத்துக்கு வருவோம். அங்கே காவலாளிகள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். உள் ரவுட்டரில் எத்தனை முறை விதி எழுதினாலும், வெளி ரவுட்டர் ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும். உள் ரவுட்டரின் வான் முகவரியைப் பார்த்தாலே தெரியும்: அது 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் அதற்கு வெளியே இன்னொரு நாட் இருக்கிறது. இரண்டிலும் விதி எழுதலாம். ஆனால் அதைவிட நல்லது, புதிய ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை அணைத்து, அதன் லான் முகவரியை முதல் ரவுட்டருடன் மோதாதபடி மாற்றி, கேபிளை லான் துளையில் செருகி, அதை வெறும் வைஃபை நிலையமாக வைப்பது. பழைய விதியே மறுபடி வேலை செய்யும், கேமராவின் ஐ.பி. மாறாதிருந்தால். சோதனையை வெளி இணைப்பிலிருந்து செய்ய வேண்டும்; பல ரவுட்டர்களில் உள்ளிருந்து வெளி முகவரியை அழைத்தால் வேலை செய்யாது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு முகவரிகள் தீர்ந்தன. 2012 ஏப்ரலில் ஆர்.எப்.சி. 6598, இணைய நிறுவனங்களே நாட் வைத்துக்கொள்ள 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கியது. வெளி ரவுட்டரின் வான் முகவரி இந்த வரிசையில் இருந்தால், மூன்றாவது காவலாளி நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறார். அவருக்கு வாடிக்கையாளர் விதி எழுத முடியாது. பொது முகவரி ஒன்று கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐ.பி.வி.6 வழியாக வர வேண்டும்.