கால் பங்குக் கல்வி

வீரசோழன் வாரச்சந்தைக்கு ஆடு ஓட்டி வருவோரையும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோரையும் நாம் நெடுங்காலமாக அறிவோம். அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், அண்மையில் தம் வீட்டில் பழைய கணினி ஒன்றில் ஒரு காட்சியை நமக்குக் காட்டினார். மொட்டை மாடியில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்ற அவருடைய தம்பி, திரையில் இருகரை புரளும் குண்டாற்றின் ஓரத்தில் நின்றான். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு அது.

"எங்கப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டோம்.

"யூடியூப்ல பாத்துதான், ஐயா. ஆள் யாரும் சொல்லித் தரல" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியே இக்கட்டுரை. வெவ்வேறு இடங்களில் எடுத்த பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே காட்சியாக்கும் தொழிலைக் கம்போசிட்டிங் என்கிறார்கள். இத்தொழிலின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், "யாரிடம் கற்றாய்?" என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு விடை சொல்லியிருப்பது தெரியும்.

பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1898-இல் எடுத்த சிறு படம் ஒன்றில், ஒருவர் தம் தலையைக் கழற்றிக் கழற்றி மேசைமீது வைக்கிறார். ஒரே படச்சுருளைப் பலமுறை ஒளிபடச் செய்த வித்தை அது. அவருக்கு முன்னோடிகள் அரிது. மேடை மாயவித்தையே அவருடைய பள்ளி. இந்தியாவில் தாதாசாகேப் பால்கே 1910-இல் பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைக் கண்டார். பிறகு நாள்தோறும் படம் பார்த்தே கண்பார்வை கெடும் நிலைக்கு வந்தார். புத்தகம் படித்தார், 1912-இல் லண்டன் சென்று செசில் ஹெப்வொர்த்தின் கூடத்தில் வேலை நடப்பதை நேரில் கண்டார். 1917-இல் வந்த அவருடைய 'லங்கா தகனம்' படத்தில் சாளுங்கே என்ற ஒரே நடிகர் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். நம் நடராஜ முதலியாரோ புனே சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் கேமராவைச் சுழற்றப் பழகிய பின்னரே 'கீசகவதம்' எடுத்தார்.

பேசும் படக் காலத்தில் இக்கல்வி ஸ்டுடியோச் சுவர்களுக்குள் சென்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட 'உத்தமபுத்திர'னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். 'மாஸ்க் ஷாட்' எனத் திரையுலகம் வழங்கும் முறை இத்தகைய படங்களுக்கு உரியது. கேமராவை அசையாமல் நிறுத்தி, பாதிச் சட்டத்தை மறைத்து ஒருமுறை எடுப்பார்கள். சுருளைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கோட்டை நடிகர் தாண்டக்கூடாது. வெளிச்சம் இம்மியும் மாறக்கூடாது. பிழை நேர்ந்தால் சுருளே வீண். இவையெல்லாம் உதவியாளராக நின்று, திட்டு வாங்கி, கைப்பழக்கமாகக் கற்பவை. 1957-இல் வந்த 'மாயா பஜா'ரில் மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா காட்டிய மாயங்களைப் பார்த்தவர் கோடிப்பேர். அவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை அறிந்தவர் சிலரே. ஸ்டுடியோவுக்குள் நுழைய முடியாதவனுக்கு இத்தொழில் வாய்க்கவில்லை.

அச்சுவரைத் தகர்த்தது கணினி. நீலத்திரை முறையைப் பெட்ரோ விளாகோஸ் 1959-இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காகச் செம்மைப்படுத்தினார். ஒரு பிம்பத்தின்மேல் இன்னொன்றை எவ்விகிதத்தில் கலப்பது என்பதற்குரிய கணக்கை 1984-இல் போர்ட்டரும் டஃபும் வகுத்து வெளியிட்டனர். 1993-இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் வந்தது. 2002-இல் பிளெண்டர் யாவருக்கும் கட்டற்ற மென்பொருளாயிற்று. 2006-இல் அதில் கம்போசிட்டிங் வசதியும் சேர்ந்தது. 2005-இல் யூடியூப் தொடங்கியது. 2016-க்குப் பின் அலைபேசி இணையத்தின் விலை வீழ்ந்தபோது இவையனைத்தும் வீரசோழன் வரை வந்து சேர்ந்தன.

இங்கே நன்னூலை நினைவுகூர்வது பொருந்தும். ஒரு பாடத்தை இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் திறம் வரும் என்கிறார் பவணந்தியார். நிறுத்தியும் பின்னோக்கி நகர்த்தியும் முப்பது முறை கேட்கத்தக்க ஆசிரியரை அவர் கனவிலும் கண்டிரார். ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் சொன்னதை முழுமையாகக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதில் ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய அரை.

இக்கணக்கின் உண்மையை அன்று அவ்வீட்டிலேயே கண்டோம். காட்சியை நாம் பாராட்டிக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்த மாணவரின் தாயார் சற்று நேரம் திரையைப் பார்த்தார். "ஆத்துல பொழுது சாயுது. இவன் நெழலு மட்டும் உச்சி வெயில் மாதிரி காலடியிலேயே கெடக்கே?" என்றார். நாம் பார்க்கத் தவறியது அது. பாடம் நடத்தியவர் ஒளி பொருந்திய காட்சிகளையே மாதிரியாகத் தந்திருந்தார்; எனவே ஒளி பொருந்தாவிட்டால் என்னாகும் என்ற பாடம் நடக்கவேயில்லை. காணொளி செய்துகாட்டும், நம் பிழையை அது பார்க்காது.

இது கலைக்கு மட்டுமான கவலையன்று. நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்று இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்க, அக்குடும்பம் ஆடுகளை விற்க எண்ணியிருந்தது. புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை'க்குப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு அளித்த அதே மாதத்தில் ஆஸ்கர் விருதும் பெற்றது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது அதன் இந்தியக் கிளைகளும் முடங்கின. சட்டம் சட்டமாக உருவத்தின் விளிம்பை வெட்டியெடுக்கும் ரோட்டோ வேலையே இந்தியாவில் புதியவர்கள் பலருக்கு முதற்படி. அதில் பெரும்பகுதியை இன்று செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. பொத்தான்களின் வரிசையை மட்டும் அறிந்தவருக்கு இனி இடம் குறைவு. நிழல் தவறு என்று சொல்லும் கண்ணுக்கே மதிப்பு.

ஆகவே ஆடுகளை விற்க வேண்டாம் என்றோம். கால் பங்கு அவருக்குச் செலவின்றிக் கிடைத்துவிட்டது. மற்றொரு கால் பங்கு, தம் தவற்றைக் கூசாமல் சொல்லும் நான்கு பேரிடம் இருக்கிறது. அவர்களுள் ஒருவர் அவருடைய அடுக்களையிலேயே இருக்கிறார். எஞ்சிய அரைக்கு என்ன செய்வது என்று கேட்டார். "சொல்லிக் குடு" என்றோம்.

இப்போது சனிக்கிழமைகளில் தெருப்பிள்ளைகள் மூவர் அக்கணினி முன் அமர்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்லப் புகும்போதுதான் தமக்கு எது புரியவில்லை என்பதே புரிகிறது என்கிறார் நம் மாணவர். தமிழ் படித்தது வீண் போகவில்லை என்று நாமும் மகிழ்ந்தோம். குண்டாற்றுக் காட்சியை மாலை ஐந்து மணி வெயிலில் மீண்டும் எடுத்திருக்கிறார். நிழல் இப்போது நீண்டு, கரை தாண்டி, நீரின்மேல் விழுகிறது.