மணலாற்றில் நீச்சல்

வாணியம்பாடியில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 1903 நவம்பர் 12 அன்று பாலாற்று வெள்ளத்தில் செத்துப்போனவர்களுக்காக எழுப்பியது. ஏறக்குறைய 200 பேர்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏதாவது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி வடக்கே பார்த்தால் வாணியம்பாடிச் சமவெளி விரியும். அதற்குள் பாலாற்றைத் தேடினால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மணலும் முள்ளும்தான் தெரியும். மலையடிவாரத்தில் பொன்னேரிப் பக்கம் வளர்ந்த எங்களுக்குப் பாலாறு என்றால் கிரிக்கெட் கிரவுண்டு. ஆற்றின் நடுவில் ஸ்டம்ப் நட்டு விளையாடியிருக்கிறோம். இந்த ஆற்றிலா 200 பேர் மூழ்கினார்கள்?

அதைவிட எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்று. ஓடும் தண்ணீரையே அதிகம் பார்த்திராத எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் மேல் ஏன் இவ்வளவு பயம்?

முதலில் வெள்ளத்தின் கதை. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் வழியாக இறங்கி, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மேலே கோலார் பகுதி முழுக்கச் சங்கிலி ஏரிகள். ஒன்று நிரம்பினால் அதன் உபரி அடுத்ததற்குப் போகும். வறண்ட நாட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் இதே ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. மேல் ஏரி ஒன்று உடைந்தால் அதன் மொத்தத் தண்ணீரும் கீழ் ஏரியின் கரையில் போய் மோதும். நான் வேலை பார்க்கும் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமை பக்கத்து சர்வரில் ஏறும், அதுவும் விழும். 1903இல் நடந்தது அதுதான். கனமழையில் அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் பேத்தமங்கலா உள்ளிட்ட பெரிய ஏரிகள் உடைந்தன. அவ்வளவு தண்ணீரும் ஆற்றில் சேர்ந்து ஆற்றங்கரை ஊரான வாணியம்பாடியின் மேல் வந்து விழுந்தது.

அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை. ஆனால் பயம் மட்டும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. "தண்ணி பக்கமே போவாத" என்று எங்கள் பாட்டி சொல்லும்போது ஆறு காய்ந்து கிடக்கும். அவர் சொன்னது கிணற்றைத்தான்.

எங்கள் பக்கத்தில் நீச்சல் பள்ளிக்கூடம் என்றால் அது கிணறுதான். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். இல்லையென்றால் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே மாமா கையில் இருக்கும். பின்னாளில் சுரைக்குடுக்கை போய் பிளாஸ்டிக் கேன் வந்தது. நாலு நாள் குடுக்கையோடு, ஐந்தாம் நாள் குடுக்கை இல்லாமல். அவ்வளவுதான் சிலபஸ்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கிணறு யாருடையது என்பது நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. நிலமில்லாத தலித் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் கிணறுகளில் இறங்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கோ வயசுக்கு வந்ததும் கிணற்று மேடு மூடிவிடும். கிணறுகள் உயிரோடு இருந்த காலத்திலும் ஊரில் பாதிப்பேருக்கு மேல் நீச்சல் தெரியாமல்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு கிணறுகளும் போயின. கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட பை ஒன்று இருக்கும். தண்ணீரை மேலே கொண்டுவந்து கொட்டியதே தோல்தான். அதே தோல் கிணற்றைக் கெடுக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் வேறு. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் மாறின, குரோம் பதனிடல் பெருகியது. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும் பதனிடும் ரசாயனமும் கழிவுநீரோடு மண்ணுக்குள் இறங்கின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிர் செய்யத் தகாததாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் இதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. உப்பேறாத கிணறுகளையும் போர்வெல்கள் வற்ற வைத்தன.

அப்படி வற்றாமல் மிச்சமிருந்த ஒரு கிணற்றில்தான் பதினோரு வயதில் நான் மூழ்கினேன். படிக்கட்டில் பாசி. மூன்று பையன்கள் என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கத்தவே இல்லை. கத்த முடியவில்லை. மேலே துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை ஒருவர் சேலையோடு குதித்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு எப்படி அத்தை நீச்சல் தெரியும்?" சிரித்தார். "பொழுது சாஞ்சி ஆம்பளைங்க போனப்புறம் நாங்க எறங்குவோம்டா. எங்களுக்கு யாரு கத்துக்குடுப்பாங்க?"

நான் ஏன் கத்தவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 1970களில் ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் மூழ்குபவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். சினிமாவில் வருவதுபோல மூழ்குபவர் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கும், குரலுக்கு இருக்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். 20 முதல் 60 நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு அது விளையாட்டுபோலத்தான் தெரியும்.

தண்ணீரோடு வாழ்ந்த ஊர்கள் இந்த அறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கின்றன. கால்வாய்களின் நகரமான ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே 1767இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனும் பின்தொடர்ந்தது. அவர்களுடைய வைத்தியங்களில் ஒன்று, மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதுவது! இன்று சிரிப்பு வரும். ஆனால் மூழ்கியவர் செத்தவர் அல்ல, முயன்றால் திரும்புவார் என்ற எண்ணத்தை ஊரறியச் செய்தவர்கள் அவர்கள்தான்.

அதே காலத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தண்ணீருக்குப் பயந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொன்னார். மெல்ல ஆழமாகும் தெளிந்த நீரில் மார்பளவு வரை நடந்து போ. கரையைப் பார்த்துத் திரும்பு. உனக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முட்டையைப் போடு. கண்ணைத் திறந்துகொண்டே முங்கி அதை எடு. எடுக்கப் போகும்போதுதான் தெரியும், தண்ணீர் உன்னை இழுப்பதில்லை, மேலே தள்ளுகிறது. முட்டை கரைப்பக்கம் கிடப்பதால் எந்த நொடியிலும் எழுந்து நின்றுவிடலாம்.

முப்பத்து மூன்று வயதில், ஆபீஸ் முடிந்த மாலைகளில், ஒரு குளத்தின் ஆழமில்லாத மூலையில் நான் கற்றதும் கிட்டத்தட்ட இதுதான். பயிற்சியாளர் முதல் வாரம் முழுக்கக் கையையும் காலையும் தொடவே இல்லை. "சார், மூச்ச உள்ளயே வச்சிக்காதீங்க. தண்ணிக்குள்ள விடுங்க. மேல வந்து எடுங்க." நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் மனித உடம்பு நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. மிதக்கும், ஆனால் மயிரிழையில் மிதக்கும். பயத்தில் கையைத் தூக்கினால் அந்தக் கையின் எடையே தலையை உள்ளே தள்ளிவிடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். உடம்புக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. பயம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இப்போது அதற்கு அளவு தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். ஆழத்தைத் தெரிந்துகொள்ளவும் யாராவது சொல்லித்தர வேண்டுமே.

இது சொந்தப் பிரச்சினையாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்த நீச்சலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. நம் பக்கத்துத் தண்ணீரின் வரலாற்றில் அந்த விடியற்காலைக்கும் இடம் உண்டு.

2021 நவம்பரில் பல ஆண்டுகளுக்குப் பிறகு பாலாறு கரைபுரண்டு ஓடியது. பாலங்களில் கூட்டம். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சின்னப் பையன்கள் விளிம்புவரை இறங்கினார்கள். அவர்களுக்கு அது கிரிக்கெட் கிரவுண்டு, திடீரென்று தண்ணீராக மாறியிருந்தது. இந்தியாவில் 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் மூழ்கி இறந்தவர்கள் தலா 36,000 பேருக்கு மேல் என்கின்றன அரசின் குற்றப் பதிவேடுகள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பாக மீட்கும் முறையும் சொல்லிக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சொல்லிக்கொடுக்கலாம்தான். ஏலகிரி மேலே புங்கனூர் ஏரியில் டூரிஸ்டுகள் படகு விடுகிறார்கள். கீழே அடிவாரத்தில், என் அக்கா மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாம் என்று போன கோடையில் கிளம்பினோம். கற்றுக்கொடுக்க அந்த அத்தை தயாராக இருந்தார். சுரைக்குடுக்கைகூடக் கிடைத்தது. தண்ணீர் இருக்கும் கிணற்றைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.