சாளை சுமந்து வந்த இளக்கம்

அது பிறப்பது கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்பாசி ஒன்றுக்குள். 22 கார்பன் அணுக்கள் கோத்த ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலி, அதில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். டோகோசாஹெக்ஸாயீனோயிக் அமிலம் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.ஏ. என்பார்கள். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலி வளைகிறது. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்காக அமைந்து உறைந்துவிடும். வளைந்தவற்றுக்கு அப்படி நெருங்கி அமைய வராது. இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் உருக ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். டி.எச்.ஏ.வோ பூஜ்ஜியத்துக்குக் கீழே 44 டிகிரியிலேயே உருகிவிடுகிறது.

பாசியையும், அதைத் தின்னும் மிதவை உயிரிகளையும் நீரோடு வடிகட்டி விழுங்குகிறது சாளை மீன். மத்தி என்றும் சொல்வோமே, அதுதான். கடல் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிரும். அப்போதும் செல் சவ்வு இறுகாமல் இருந்தாக வேண்டும். அதனால்தான் குளிர்நீர் மீன்கள் தங்கள் சவ்வில் வளைந்த கொழுப்புகளைக் கூட்டிக்கொள்கின்றன.

இந்த வேறுபாட்டை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளைக் கொழுப்பு ஆடை போல உறைந்து நிற்கும். சாளைக் குழம்பு மறுநாள் காலை வரை இருந்தாலும் மீனெண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மிதந்துகொண்டே இருக்கும்.

சோற்றோடு வயிற்றுக்குள் போன டி.எச்.ஏ.வைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. நிணநீர் வழியாக இரத்தத்தில் கலந்து, கல்லீரலுக்குப் போய், அங்கே வேறொரு கொழுப்பு மூலக்கூறோடு இணைந்து மறுபடி கிளம்புகிறது. மூளைக்குள் நுழைய அதற்கு ஒரு தனி வாசல் உண்டு. எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற அந்தப் புரதத்தின் வேலையை 2014இல் சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு கண்டறிந்தது. விழித்திரையின் நிறமி அடுக்கிலும் அதே புரதம் இருக்கிறது. அதன் வழியே நம் டி.எச்.ஏ. கண்ணுக்குள் வந்து சேர்கிறது.

மங்கிய ஒளியில் நாம் பார்க்க உதவுபவை விழித்திரையின் கோல் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான மெல்லிய சவ்வுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சவ்வின் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி டி.எச்.ஏ.தான். அவற்றின் நடுவே ரொடாப்சின் புரதங்கள் மிதக்கின்றன. ஒளி பட்டதும் ரொடாப்சின் உருமாற வேண்டும், நகர்ந்துபோய் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். சவ்வு இறுகியிருந்தால் இரண்டும் தாமதமாகும். 1972இல் ரிச்சர்ட் கோன் தவளையின் கண்ணில் அளந்து பார்த்தார். ரொடாப்சின் சில பத்து மைக்ரோ விநாடிகளுக்குள் சுழல்கிறது, சவ்வு எண்ணெயின் பதத்தில் இருக்கிறது என்று காட்டினார். சவ்வு ஒரு திரவப் பரப்பு என்ற மாதிரியை சிங்கரும் நிகல்சனும் முன்வைத்ததும் அதே ஆண்டில்தான்.

இளக்கத்துக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். அதைப் பிடித்திருப்பது கொலஸ்ட்ரால். செல்லின் அடியில் புதிதாகப் பிறக்கும் தட்டில் கொலஸ்ட்ரால் அதிகம். அங்கே ரொடாப்சின் சற்றே மந்தமாக இயங்கும். புதிய தட்டுகள் அடியிலிருந்து தள்ளத் தள்ளத் தட்டு மேலேறுகிறது, கொலஸ்ட்ரால் குறைகிறது, புரதத்தின் வேகம் கூடுகிறது. ஒரே புரதம்தான், சுற்றியுள்ள கொழுப்பின் கலவை மாறும்போது அதன் வேலைத்திறனும் மாறுகிறது.

பத்து நாட்கள் போல ஆனதும் தட்டு நுனிக்கு வந்து உதிர்கிறது. பக்கத்திலிருக்கும் நிறமிச் செல் அதை விழுங்கிச் செரிக்கிறது. ஆனால் டி.எச்.ஏ.வை மட்டும் வீணாக்குவதில்லை. பிரித்தெடுத்துக் கோல் செல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளும் டி.எச்.ஏ. மிகக் கொஞ்சம். கருவின் மூளையும் விழித்திரையும் அதைத் தாயிடமிருந்து வேகமாகச் சேர்த்துக்கொள்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாம் குறைத்து மதிக்கும் சாளை, அந்த மாதங்களில் ஒரு குழந்தையின் பார்வைக்கு வேண்டிய கச்சாப்பொருளைத் தாயின் தட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.