முகமும் அட்டையும்: புகைப்படத்துக்கு ஆயத்தமாதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்ப் பெருநிலப் பரப்பிலே, கட்டுக்கரைக்குளத்து நீரால் வளம்பெறும் வயல்களிடையே அமைந்த ஊர் உயிலங்குளம். நெல்லும் குளமும் தேவாலய மணியும் இவ்வூரின் அன்றாட வாழ்வை வகுத்தன. ஆயினும் அண்மைக்கால இலங்கை வரலாற்றில் இவ்வூர்ப் பெயர் பதிந்தமைக்குக் காரணம் வேறு. 2002 பெப்ரவரி 22 ஆந் திகதி இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்பின், இரு தரப்பினரதும் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கிடையே மக்கள் போக்குவரத்துச் செய்த வாயில்களாக ஓமந்தையும் முகமாலையும் விளங்கியவாறே மன்னார்ப் பகுதியில் உயிலங்குளமும் விளங்கிற்று.

அவ்வாயிலில் அரச தரப்புச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்த ஒருவர் முதலில் நீட்டவேண்டியிருந்தது தமது தேசிய அடையாள அட்டையை. அட்டையிலிருந்த சிறு படத்தையும் எதிரே நின்ற முகத்தையும் கண்கள் மாறிமாறி நோக்கின. இரண்டும் பொருந்தின் பயணம் தொடரும். ஐயம் எழுந்தாற் கேள்விகள் தொடரும். பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு ஸ்ரூடியோவில், தலைவாரி, பவுடர் பூசி, சில நிமிடம் அமர்ந்து எடுத்த படம் அங்கு ஒருவரின் வழியைத் தீர்மானித்தது. ஆகவே, படத்துக்கு ஆயத்தமாதல் என்னும் அற்பமாகத் தோன்றும் செயலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு மனிதனின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அவ்வரலாற்றின் மையமான வினாவாகும்.

அசையாதிருத்தல்

1839 ஆம் ஆண்டில் பிரான்சில் டாகுவேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒளியைப் பதிவுசெய்ய நிமிடக்கணக்கில் நேரம் தேவைப்பட்டது. அந்நேரம் முழுவதும் அசையாதிருக்க வேண்டியதே படத்துக்கு அமர்வோர் செய்த முதல் ஆயத்தம். தலை அசையாவண்ணம் பின்புறத்தில் இரும்புத் தாங்கி ஒன்று நிறுத்தப்பட்டது. பழைய படங்களிலுள்ள முகங்கள் பெரும்பாலும் இறுக்கமாகவும் சிரிப்பின்றியும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். சிரிப்பை அவ்வளவு நேரம் நிலைநிறுத்தல் எவர்க்கும் எளிதன்று. 1854 இல் பாரிஸ் நகரத்து டிஸ்டெரி, ஒரே தகட்டிற் பல சிறுபடங்களை எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இதனால் விலை வீழ்ச்சியுற்றது. மன்னரும் பிரபுக்களும் ஓவியரிடம் பெற்ற உருவப்படத்தை, நடுத்தர வகுப்பினரும் புகைப்படக்காரரிடம் பெறலாயினர்.

இலங்கையில் இத்தகைய ஆயத்தம் பற்றி எஞ்சியுள்ள சுவையான பதிவு ஒன்று களுத்துறையைச் சார்ந்தது. புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இந்நாட்டுக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமானார். இவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவினால் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவர். தாவர ஓவியரான மரியான் நோர்த் 1877 இல் அவர்களுடைய இல்லத்தில் விருந்தினராகத் தங்கியபோது, அவரைப் படம்பிடிக்க யூலியா மூன்று நாள் பரபரப்போடு முயன்றார். நோர்த்தின் கூந்தல் அவிழ்த்து விடப்பட்டது. காஷ்மீரச் சால்வை போர்த்தப்பட்டது. நண்பகல் வெயிலில், 96 பாகை பரனைற்று வெப்பத்தில், தென்னோலைகளின் முன் நிறுத்தி, இயல்பாகத் தோன்றுமாறு அவர் பணிக்கப்பட்டார். இவற்றையெல்லாம் நோர்த் தமது தன்வரலாற்றில் நகைச்சுவையோடு எழுதி வைத்துள்ளார்.

கமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களிற் கிராமத்தவரும் தோட்டங்களில் உழைத்த தமிழரும் இடம்பெறுகின்றனர். அவர்களும் வெயிலில் நிறுத்தப்பட்டிருப்பர். அவர்களுடைய ஆடையும் நிலையும் பிறரால் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஆனால் அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்தானும் படத்தோடு வந்து சேரவில்லை. நோர்த் தமக்கு நேர்ந்ததை எழுதிச் சிரிக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஒரே கருவியின் முன் நின்ற இருவரிடையே காணப்பட்ட இவ்வேறுபாடு, பிற்காலத்திலும் வேறுவேறு வடிவங்களில் தொடர்ந்தது.

ஸ்ரூடியோவும் குடும்பமும்

நகரங்களில் ஸ்ரூடியோக்கள் பெருகியபோது, படத்துக்கு அமர்வோர் தம் தோற்றத்தைத் தாமே ஓரளவு தெரிவுசெய்யும் நிலை உருவாயிற்று. கொழும்பில் ஸ்கீன், பிளேற் முதலிய ஐரோப்பிய நிறுவனங்கள் தொழில் நடத்தின. யாழ்ப்பாணத்தில் லோட்டன் நிறுவனம் போன்றவை தமிழ்க் குடும்பங்களின் முகங்களைப் பதிந்தன. தீட்டிய திரைச்சீலை, மாளிகைத் தூண்போன்ற மரவேலை, செதுக்கு வேலைப்பாடுடைய கதிரை, பூச்சாடி என்பன அறையை அணிசெய்தன. ஓலைவேலிக்குள் வாழ்ந்தவரும் சிறிது நேரம் மாளிகையிற் குடியிருந்தனர்.

ஸ்ரூடியோவுக்குச் செல்லுதல் நாட்பார்த்துச் செய்யும் கருமம்போல் நடந்தது. பெட்டியிலிருந்த கூறைச்சேலை வெளியே வந்தது. சங்கிலியும் காப்பும் உறவினரிடம் இரவல் வாங்கப்பட்டன. வேட்டி உடுத்துச் சென்றவர் அங்கு மாட்டியிருந்த கோட்டை அணிந்து கொண்டார். மறைப்புத் தட்டியின் பின்னே கண்ணாடி, சீப்பு, பவுடர்ப் பேணி ஆகிய மூன்றும் எப்போதும் இருந்தன. குடும்பப் படமாயின் யார் கதிரையில் அமர்வது, யார் பின்னே நிற்பது என்பதிலே வீட்டின் அதிகார ஒழுங்கு முழுவதும் வெளிப்பட்டது. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதல் நன்மை பெற்ற பிள்ளையை வெள்ளுடையும் கையில் மெழுகுதிரியுமாக நிறுத்திப் படம்பிடித்தல் வழக்கமாயிற்று. திருமணம், சாமத்தியச் சடங்கு, மரணம் ஆகியவையும் புகைப்படக்காரரை அழைத்தன. படமெடுத்த பின்னரும் ஆயத்தம் முடியவில்லை. எதிர்ப்படிவத்தின்மேற் கூரிய பென்சிலால் தழும்பும் சுருக்கமும் திருத்தப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டப்பட்டது.

இவற்றைப் போலிப் பகட்டு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. சந்ததியார் தம்மை எவ்வாறு நினைக்கவேண்டும் என்று விரும்பினார்களோ அவ்வாறே அம்மக்கள் அமர்ந்தனர். சாதியாலும் வறுமையாலும் அன்றாட வாழ்வில் மறுக்கப்பட்ட கோட்டையும் கதிரையையும் சிலர் அவ்வறையிலேதான் முதன்முதல் அடைந்தனர்.

தகரத் துண்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

இதற்குச் சமாந்தரமாக வேறொரு மரபும் வளர்ந்தது. அதற்கும் மன்னாருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். எவரும் அவர்களைப் படம்பிடித்து அடையாளம் வழங்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. அதைக் கழுத்திலே தொங்கவிட்டு அவர்கள் பிரயாணஞ் செய்தனர். முகமே வேண்டப்படாத அடையாளம் அது. தொழிலாளி யார் என்பது முக்கியமன்று. எந்தத் தோட்டத்துக்கு உரியவர், அவருடைய செலவு யாருடைய கணக்கிற் சேரும் என்பனவே முக்கியமாயின.

1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, தனுஷ்கோடியுடன் கப்பற்சேவை தொடங்கிற்று. அதே ஆண்டில் மூண்ட முதலாம் உலகப் போரின்போது உலக நாடுகள் பல, கடவுச்சீட்டிற் புகைப்படத்தைக் கட்டாயமாக்கத் தொடங்கின. பாரிஸ் பொலிசாரான பேர்ட்டிலோன் 1880 களிற் குற்றவாளிகளைப் பதிவதற்கு வகுத்த நேர்முகப் பார்வையும் ஒழுங்கான ஒளியும், குற்றமேதும் புரியாத பயணிகளின் படங்களுக்கும் பொதுவிதிகளாயின.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அனுப்பப்பட்டவர்க்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. லயன் அறைகளிற் பிறந்து வளர்ந்தவர்கள் நாட்டைவிட்டு நீங்கும் பொருட்டு ஸ்ரூடியோவுக்குச் சென்றனர். பின்னர் அதே புகையிரதத்தில், உயிலங்குளத்துக்கு அயலிலுள்ள முருங்கனைக் கடந்து, தலைமன்னாரிற் கப்பலேறினர். பாட்டன் காலத்தில் முகம் கேட்காது ஏற்றுக்கொண்ட நாடு, முகத்தைப் படம்பிடித்துப் பேரனை அனுப்பி வைத்தது.

அட்டையின் காலம்

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. இதனோடு புகைப்படம் நாட்டின் ஒவ்வொரு குடிமகனையும் தேடி வந்தது. ஸ்ரூடியோவில் எதையெல்லாம் சேர்த்தார்களோ, அதையெல்லாம் இப்போது அகற்ற வேண்டியதாயிற்று. தூணும் திரைச்சீலையும் மறைந்தன. குடும்பத்தவர் ஒருவரோடொருவர் நிற்கும் படம் போய், ஒவ்வொருவரும் தனித்து நிற்கும் படம் வந்தது. முகம் நேராக இருக்கவேண்டும், நெற்றி தெரியவேண்டும், சிரித்தல் ஆகாது. கிராம சேவையாளரின் அத்தாட்சியோடு படம் கொழும்புக்குச் சென்று, இலக்கத்தோடும் கண்ணாடித்தாள் உறையோடும் திரும்பி வந்தது.

முதலில் அது பரீட்சைக்கும் வங்கிக்கும் தேவையான சாதாரணப் பத்திரமாகவே கருதப்பட்டது. 1979 இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்து, 1980 களிற் போர் விரிந்தபின் நிலைமை மாறிற்று. அட்டையின்றி வீதியில் இறங்குதல் ஆபத்தாயிற்று. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோதும், அடுத்தடுத்து மடுவுக்கும் தமிழகத்துக்கும் தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோதும், சுவர்களில் மாட்டிய படங்களும் திருமண அல்பங்களும் வீடுகளோடு கைவிடப்பட்டன. அடையாள அட்டை மட்டும் சேலைத் தலைப்பிலும் சட்டைப் பையிலும் பத்திரமாகச் சென்றது. இவ்வாறு, தாம் விரும்பி எடுத்த படத்தை இழந்து, கட்டாயத்தின்பேரில் எடுத்த படத்தைக் காக்கும் நிலைக்கு ஒரு சமூகம் தள்ளப்பட்டது.

உயிலங்குளத்தில் இந்நிலை முழு உருவம் பெற்றது. ஸ்ரூடியோவின் பழைய விதிப்படி, படம் முகத்தைப் போலிருக்கிறதா என்று வீட்டார் பார்ப்பர். சாவடியில் முகம் படத்தைப் போலிருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. மெலிந்தவரும் நரைத்தவரும் நோயுற்றவரும் தம் பழைய படத்துக்கு ஒப்பாக நிற்கவேண்டியவராயினர். பதினெட்டு வயதில் எடுத்த படத்துக்கு முப்பது வயது முகம் சாட்சி சொல்லவேண்டும். ஆகவே, படத்துக்கு ஆயத்தமாவதைப் போலவே சாவடிக்கும் மக்கள் ஆயத்தமாயினர். தாடி மழித்தல், கண்ணை நேரே வைத்தல், பதற்றத்தை முகத்திற் காட்டாதிருத்தல் ஆகியன அவ்வாயத்தத்தின் கூறுகள். போர் மீண்டும் மூண்டபின் அவ்வாயில் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபின் அவ்வழி சாதாரண வீதியாயிற்று. இன்று பேருந்தில் அவ்விடத்தைக் கடக்கும் மாணவன் அட்டையைக் கையில் எடுக்கவேண்டியதில்லை.

வீடு திரும்பிய படம்

அட்டைப் படத்தின் வரலாறு அத்தோடு முடிவடையவில்லை. அல்பங்களை இழந்த பல குடும்பங்களுக்கு, இறந்தவரின் எஞ்சிய ஒரே உருவம் அட்டையிலிருந்த சிறு படமாகவே இருந்தது. அது ஸ்ரூடியோவுக்கு மீண்டும் கொண்டுசெல்லப்பட்டுப் பெரிதாக்கப்பட்டது. பின்னணி நிறம் மாற்றப்பட்டது. சிலவேளை சட்டைக்குமேல் கோட்டும் வரைந்து அணிவிக்கப்பட்டது. பென்சிலுக்குப் பதிலாகக் கணினி வந்ததேயன்றித் தொழில் பழைய தொழிலே. அரசு அகற்றிய அலங்காரத்தைக் குடும்பம் மீண்டும் சேர்த்து, மாலையிட்டுச் சுவரில் மாட்டிற்று.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டங்களிலே தாய்மார் ஏந்தியிருந்த படங்களை உற்றுநோக்கின் மேலும் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பல, நேராக நோக்கும், சிரிப்பற்ற, அட்டைக்குரிய முகங்கள். ஆளை இனங்காண அரசு எடுப்பித்த படத்தையே அரசின்முன் நீட்டி, இவர் எங்கே என்று அத்தாய்மார் வினவினர். உயிலங்குளத்தில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வினவியவர் சாவடியில் நின்றவர். இங்கோ படம் தாயின் கையில் உள்ளது. விடைகூற வேண்டியவர் மறுபக்கத்தில் உள்ளார்.

இன்று 15 வயது நிறைந்த பிள்ளை அடையாள அட்டைக்காக, ஆட்பதிவுத் திணைக்களத்திற் பதிவுசெய்த ஸ்ரூடியோவுக்குச் செல்கின்றது. படம் மின்முறையில் திணைக்களத்துக்குச் செல்கின்றது. பிள்ளையின் கைக்குப் பற்றுச்சீட்டு வருகின்றது. இருந்தும் உள்ளே செல்லுமுன் தாய் பிள்ளையின் தலையை மீண்டும் ஒருமுறை வாரிவிடுவதையும், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிடுவதையும் எந்த ஸ்ரூடியோ வாயிலிலும் காணலாம். சர்வதேச அளவுகோலின்படி எடுக்கப்படும் படத்துக்கு அச்செயலால் ஆவது எதுவுமில்லை. ஆயினும் தன் பிள்ளை உலகின்முன் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதிலே தனக்கும் ஒரு பங்குண்டு என்பதை அத்தாய் அவ்வாறு நிலைநாட்டுகிறாள். அட்டைகளையும் சட்டங்களையும் சாவடிகளையும் ஆராயும் வரலாறு, அந்தச் சீப்பையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.