தொன்மை டி.என்.ஏ. ஆராய்ச்சி

மடிந்துபோன உயிர்களின் எலும்பு, பல், தோல், மயிர் ஆகியவற்றிலும், அவை உலவிய குகைகளின் மண்ணிலும் எஞ்சிக் கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் நைட்ரஜன் காரங்கள் அமைந்துள்ள வரிசையைக் கண்டறிந்து, அதன் வாயிலாக அவ்வுயிர்களின் வம்சாவளியையும் பரஸ்பர உறவையும் நிர்ணயிக்கும் துறை தொன்மை டி.என்.ஏ. ஆராய்ச்சி எனப்படும். மண்டையோட்டின் வடிவத்தையும் கற்கருவிகளின் பாங்கையும் மட்டுமே கொண்டு பூர்வீக மனிதரைப் பற்றி ஊகித்துவந்த அறிஞர்களுக்கு இத்துறை அளித்த துணை மிகப் பெரிது. எனினும், தன் கைக்குக் கிட்டியதையே முதலில் நம்ப மறுக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட பின்னரே இதன் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டது.

1883இல் பூண்டற்றுப்போன குவாகா என்னும் வரிக்குதிரை இனத்தின் தோல் ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அதிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலன் வில்சன் தலைமையில் இயங்கிய குழுவினர் டி.என்.ஏ.யை எடுத்துப் படித்து 1984இல் வெளியிட்டதே இவ்வாராய்ச்சியின் தொடக்கம் எனலாம். அடுத்த ஆண்டே ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே பேபோ எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக அறிவித்தார். துணுக்கு ஒன்றைக் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கித் தரும் பாலிமரேஸ் தொடர்வினை பரவியதும், ஆராய்ச்சியாளர் பலர் எட்டாத பழமையையும் எட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டனர். 8 கோடி ஆண்டு பழமையான டைனோசர் எலும்பில் டி.என்.ஏ. கிடைத்துவிட்டதாக 1994இல் வெளியான செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பரிசோதித்துப் பார்த்தபோது அது மனித டி.என்.ஏ. என்று தெரியவந்தது. பேபோவின் மம்மி முடிவும் பின்னாளில் இதே ஐயத்துக்கு உள்ளாயிற்று.

இந்த ஏமாற்றங்களுக்குக் காரணம் டி.என்.ஏ.யின் இயல்பிலேயே இருந்தது. உயிர் உள்ளவரை உடலின் நொதிகள் அதன் சிதைவுகளைச் சதா பழுது பார்த்துவருகின்றன. உயிர் பிரிந்ததும் அப்பணி நின்றுவிட, நீண்ட இழை நூறு காரங்களுக்கும் குறைவான சிறு துண்டுகளாக நொறுங்குகிறது. எலும்பில் குடியேறும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. பெரும்பங்கை நிரப்பிவிட, தோண்டியவர், கழுவியவர், ஆராய்ந்தவர் ஆகியோரின் வியர்வையும் எச்சிலும் எஞ்சிய இடத்தில் கலந்துவிடுகின்றன. ஆராயப்படுவதும் மனித எலும்பு, கலப்பதும் மனித டி.என்.ஏ. என்பதால் இரண்டையும் பிரித்தறிவது அரிதாயிற்று. இதற்கு விடை தந்தது, விசித்திரமாக, அந்தச் சிதைவேதான். பழைய துணுக்குகளின் முனைகளில் உள்ள சைட்டோசின் காலப்போக்கில் யுராசிலாக மாறி, வரிசையைப் படிக்கும் கருவிக்குத் தைமின் போலத் தோன்றும். நேற்று கலந்த டி.என்.ஏ.யில் இந்த மாற்றம் மிகக் குறைவு. ஆகவே, முனைகளில் இவ்வகை மாற்றம் மிகுந்திருப்பதே பழமைக்குச் சாட்சியாகக் கொள்ளப்படலாயிற்று. காற்றைச் சலித்து உள்ளே விடும் தூய அறைகளும், உடல் முழுதும் மூடிய உடையும், புறஊதா ஒளியும், வெளுப்பு ரசாயனமும் இத்துறையின் அன்றாட சாதனங்களாயின. எலும்புகளுள் உட்செவியைச் சூழ்ந்த கடினமான கபாலப் பகுதியே டி.என்.ஏ.யை மிக நன்றாகக் காப்பது என்பதும் அனுபவத்தில் தெளிந்தது.

ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரியில் 1856இல் கிடைத்து, நியாண்டர்தால் மனிதர் என்ற பெயருக்கே காரணமான எலும்புக்கூட்டின் கையெலும்பிலிருந்து சிறு துண்டை வெட்டி, மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.யில் 379 காரங்களின் வரிசையை 1997இல் பேபோவின் குழுவினர் படித்தனர். தற்கால மனிதருள் எவர் இருவரை ஒப்பிட்டாலும் அப்பகுதியில் சராசரியாக 8 வேறுபாடுகளே காணப்பட, நியாண்டர்தாலருக்கும் நமக்கும் இடையே 27 காணப்பட்டன. இவ்விரு கூட்டத்தாரும் கலக்கவில்லை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆனால் மைட்டோகாண்டிரியா தாய்வழியாக மட்டுமே வருவது. ஒரு தாய்வழி அற்றுப்போனது கொண்டு முழு வம்சமும் அற்றதென்று சொல்ல இயலாது. குரோஷியாவின் விந்தியா குகையில் கிடைத்த மூன்று பெண்களின் எலும்புகளிலிருந்து உட்கரு டி.என்.ஏ.யைத் தொகுத்து, லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பேபோவின் குழுவினர் 2010இல் வெளியிட்ட வரைவு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுத்தொகுதியில் 1 முதல் 4 விழுக்காடு நியாண்டர்தாலரிடமிருந்து வந்தது என்று காட்டிற்று. முந்தைய எண்ணத்துக்கு வலுவூட்டியவர்களே அதைத் திருத்தினார்கள் என்பது இத்துறையின் யோக்கியதைக்குச் சிறந்த அத்தாட்சி.

அதே ஆண்டு சைபீரியாவின் அல்தாய் மலைத்தொடரிலுள்ள தெனிசோவா குகை மற்றோர் அதிசயத்தை அளித்தது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை நீர் உறையும் நிலையை ஒட்டியுள்ள அக்குகையில் 2008இல் அகப்பட்ட ஒரு விரலெலும்பின் டி.என்.ஏ., தற்கால மனிதருடையதாகவோ நியாண்டர்தாலருடையதாகவோ இராமல், மூன்றாவதொரு கூட்டத்தைச் சுட்டிற்று. முகமோ உருவமோ தெரியாமல், மரபணுவைக் கொண்டே ஒரு மனிதக் கூட்டம் அறியப்பட்டது அதுவே முதல் முறை. தெனிசோவர் எனப்பட்ட அவர்களின் மரபு பாப்புவா நியூ கினியைச் சார்ந்த மக்களிடம் சில விழுக்காடு எஞ்சியிருக்கிறது. உயர்ந்த பீடபூமியில் ஹீமோகுளோபின் அளவு மிஞ்சிப்போகாமல் திபெத்தியரைக் காக்கும் மரபணு வடிவமும் அவர்களிடமிருந்தே வந்தது என்று 2014இல் புலப்பட்டது. அதே குகையில் கிடைத்த, இன்னது எவ்வுயிரின் எலும்பு என்று கண்ணால் சொல்லவியலாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை அவற்றிலுள்ள கொலாஜன் புரதத்தின் மூலம் சலித்தபோது, இரண்டரை சென்டிமீட்டர் நீளமே கொண்ட ஒரு மனித எலும்புத் துண்டு தனித்து நின்றது. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் பதின்மூன்று வயதையேனும் எட்டியிருந்த ஒரு பெண்ணுடையது அத்துண்டு, அவளுடைய தாய் நியாண்டர்தாலர், தந்தை தெனிசோவர் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அத்தந்தையின் முன்னோரிலும் நியாண்டர்தால் கலப்பு இருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குரிய விரல்விட்டு எண்ணத்தக்க மாதிரிகளுள்ளேயே நேர்ச்சந்ததி ஒன்று அகப்பட்டதனால், இவ்விரு கூட்டத்தாரும் சந்தித்த இடங்களில் கலப்பு அபூர்வமானதன்று என்றே கருதவேண்டியிருக்கிறது. இவ்வாராய்ச்சிகளுக்காக 2022ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பேபோவுக்கு வழங்கப்பட்டது.

இந்தப் பழைய உறவு நம் காலத்து நோயிலும் தலைகாட்டிற்று. கோவிட் கடுமையாகும் அபாயத்தை மிகுவிக்கும் ஒரு பகுதி மூன்றாம் குரோமோசோமில் நியாண்டர்தாலரிடமிருந்து வந்தது என்றும், தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாங்கியுள்ளனர் என்றும் 2020இல் தெரியவந்தது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் டி.என்.ஏ. விரைவில் அழிவதால், தெற்காசியாவிலிருந்து கிடைத்த சான்றுகள் மிகச் சிலவே. ஹரியானாவின் ராக்கிகடியில் சிந்துவெளி நாகரிகக் காலத்துப் புதைகுழிகளிலிருந்து எடுத்த 61 மாதிரிகளுள் ஒரே ஒரு பெண்ணினுடையது மட்டும் பயன் தந்தது. ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பரின் மரபு அவளிடம் இல்லை என்று 2019இல் வெளியான முடிவை, ஆரியர் வருகை பற்றிய விவாதத்தில் அவரவர் கட்சிக்கு ஏற்ப வளைத்துப் பேசியவர்கள் அநேகர். துருக்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷார்-இ-சோக்தாவிலும் புதைக்கப்பட்டிருந்த பதினொருவர் அவளை ஒத்த மரபினராயிருப்பது அம்முடிவுக்கு ஆதரவளிக்கிறது. ஆயினும் ஒரு பெருநாகரிகத்தின் ஜனத்தொகை முழுவதற்கும் அவள் ஒருத்தியைப் பிரதிநிதியாக்குவது நியாயமன்று.

எலும்பே கிட்டாத இடங்களில் குகை மண்ணிலிருந்து நியாண்டர்தாலரின் டி.என்.ஏ.யைப் பிரிக்கலாம் என்பது 2017இல் மெய்ப்பிக்கப்பட்டது. டி.என்.ஏ.யைவிட நெடுங்காலம் நிலைக்கும் பற்புரதங்களைப் படித்து, ஸ்பெயினின் அடபுவேர்க்காவில் கிடைத்த 8 லட்சம் ஆண்டு பழமையான மனிதரின் உறவை 2020இல் ஓரளவு நிர்ணயித்தனர். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் தோண்டியெடுக்கப்பட்ட குள்ள மனிதரின் எச்சங்களோ, பலமுறை முயன்றும், இதுவரை டி.என்.ஏ. தரவில்லை.