அமிலங்களுக்கு ரேங்க் போட்ட கதை

கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம். இரண்டில் எது பலசாலி? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

'கந்தக அமிலம்தான்' என்கிறீர்களா? அந்தக் கால ரசாயனக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வெடியுப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்சினால், நைட்ரிக் அமிலம் ஆவியாகி வெளியேறும். துரத்துகிறவன்தானே பலசாலி?

1869 வாக்கில் டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சன் இதற்குப் பஞ்சாயத்து வைத்தார். இரண்டு அமிலங்களையும் நிறைய தண்ணீரில் கலந்து, ஒன்றுக்கு மட்டுமே போதுமான காஸ்டிக் சோடாவைச் சேர்த்தார். கிளம்பிய வெப்பத்தை அளந்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டார். நைட்ரிக் அமிலம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுருட்டிக்கொண்டது! முன்பு அது ஓடியது தோற்றுப்போய் அல்ல. சூடு பட்டால் சீக்கிரம் ஆவியாகிற அதன் சுபாவத்தால்.

அடுத்து வந்தவர் ரிகா நகரத்தில் (இன்றைய லாட்வியாவின் தலைநகர்) பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஆஸ்வால்ட். சர்க்கரைக் கரைசலில் அமிலத்தை விட்டால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். எந்த அமிலம் எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று அளந்தார். வேறு சில வினைகளிலும் சோதித்தார். எல்லாப் பரீட்சையிலும் ஏறக்குறைய அதே ரேங்க்! ஹைட்ரோகுளோரிக்கும் நைட்ரிக்கும் உச்சியில். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் பாவம், கடைசி பெஞ்சில்.

ரேங்க் தெரிந்துவிட்டது. காரணம்தான் தெரியவில்லை.

1884 ஜூனில் ஆஸ்வால்டுக்கு ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வேடு வந்தது. எழுதியவர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், வயது 25. பல்வலி, வீட்டில் பெண் குழந்தை, இந்த ஆய்வேடு மூன்றும் ஒரே நாளில் வந்ததாகப் பிற்பாடு ஆஸ்வால்டே சொல்லியிருக்கிறார்.

மின்சாரத்தை எந்த அமிலக் கரைசல் தாராளமாகக் கடத்துகிறதோ, அதுவே வலுவான அமிலம் என்றது ஆய்வேடு. ஆஸ்வால்ட் தன்னிடமிருந்த அமிலங்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். அட, மறுபடி அதே ரேங்க்!

ஆனால், உப்சாலா பல்கலைக்கழகம் அந்த ஆய்வேட்டுக்குப் போட்டதோ மிகக் குறைந்த மார்க். அதை வைத்துக்கொண்டு அங்கே ஆசிரியராகும் கனவெல்லாம் காண முடியாது. ஆஸ்வால்ட் என்ன செய்தார் தெரியுமா? ஆகஸ்டில் நேராக உப்சாலாவுக்கே போய், 'ரிகாவுக்கு வாருங்கள், வேலை தருகிறேன்' என்று அந்த இளைஞரைக் கூப்பிட்டார். அதற்கப்புறம்தான் சொந்த ஊர் விழித்துக்கொண்டது. அந்த வருஷம் முடிவதற்குள் உப்சாலாவிலேயே அர்ஹீனியஸுக்கு ஆசிரியர் பதவி கிடைத்தது.

1887ல் அவருடைய விளக்கம் முழு வடிவம் பெற்றது. தண்ணீரில் கரைந்ததும் அமில மூலக்கூறுகள் அயனிகளாகப் பிரிகின்றன. நீர்த்த கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அநேகமாக முழுசாகவே பிரிந்துவிடும். அசிட்டிக் அமிலத்திலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு மூலக்கூறு பிரிந்தாலே அதிகம். பிரிந்துவரும் ஹைட்ரஜன் அயனிதான் சர்க்கரையை உடைக்கிறது. மின்சாரத்தைப் பெருமளவு சுமப்பதும் அதுவே. எல்லாப் பரீட்சையிலும் ஒரே ரேங்க் வந்த ரகசியம் இதுதான்!

ஒரு எச்சரிக்கை. வலுக்குறைந்த அமிலம் என்றால் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இந்தக் கணக்கில் பலவீனமானதுதான். ஆனால் கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பையும் பதம் பார்க்கும். வலு வேறு, ஆபத்து வேறு.

1903ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அர்ஹீனியஸைத் தேடி வந்தது. நோபல் வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் அவர்தான். பரிசு எதற்கு என்கிறீர்களா? உப்சாலாவில் மார்க் கிடைக்காத அதே யோசனையிலிருந்து வளர்ந்த கொள்கைக்கு!